கிருமி எண்ணிக்கை குறைந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாமா? ஆலிஸ் எவான்ஸ் கண்டதும் நம் வீட்டுப் பாலும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பேரப்பிள்ளைகளுக்காகக் கறந்த பால் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. பண்ணைக்காரர் லேப் ரிப்போர்ட் காட்டியிருக்கிறார். அதில் ஒரு மில்லிக்கு 8,000 கிருமி என்று இருக்கிறது. இவ்வளவு சுத்தமான பாலைக் காய்ச்சிச் சத்தைக் கெடுப்பானேன் என்பது உங்கள் கேள்வி. மருமகளோ ஆலிஸ் எவான்ஸ் என்ற பெண்மணியின் பெயரைச் சொல்லி, பச்சைப் பாலே கூடாது என்கிறார். அவர் யார், என்ன கண்டார் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் பொய்யில்லை. ஆனால் நீங்கள் அதனிடம் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

8,000 என்ற எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு மில்லி பாலை 9 மில்லி மலட்டு நீரில் கலக்குவார்கள். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இன்னொரு 9 மில்லியில். இப்போது பால் நூறில் ஒரு பங்கு. இதில் ஒரு மில்லியைப் பெட்ரித் தட்டில் விட்டு, உருகி 45 டிகிரிக்கு ஆறிய அகாரை (கிருமி வளர்க்கும் கூழ்) ஊற்றிச் சுழற்றி உறையவிடுவார்கள். 30 டிகிரியில் மூன்று நாள் வைத்தால், எங்கெங்கே உயிருள்ள ஒரு கிருமி விழுந்ததோ அங்கெல்லாம் குண்டூசித் தலை அளவில் ஒரு புள்ளி தெரியும். 80 புள்ளி இருந்தால், 80-ஐ 100-ஆல் பெருக்கி 8,000. தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு பால் விதிகளில் பச்சையாகக் குடிக்க விற்கும் பாலுக்கு மில்லிக்கு 50,000 வரை இடமுண்டு. பதப்படுத்த அனுப்பும் பாலுக்கு 200,000 வரை. எனவே உங்கள் பண்ணைக்காரர் கை, மடி, வாளி, குழாய் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கழுவுகிறார், பாலை உடனே குளிரவைக்கிறார். அந்த அளவில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த எண் காட்டுவது பெரும்பாலும் பால் மடியை விட்டு இறங்கிய பிறகு அதில் என்ன சேர்ந்தது, எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்பதைத்தான். மடிக்குள்ளிருந்தே பாலோடு வரும் கிருமி அந்தத் தட்டில் கணக்குக்கு வராமல் போகலாம். பசு சினை கலையவும் மனிதருக்கு நீண்ட காய்ச்சல் வரவும் காரணமான புரூசெல்லா அப்படிப்பட்டது. சாதாரண அகாரில் அதற்குத் தீனி போதாது. அது மெதுவாக வளரும் இனம். மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வராது. மாட்டிலிருந்து வரும் அபார்ட்டஸ் வகையில் பல, முதன்முறை வளர்க்கும்போது காற்றில் 5 முதல் 10 சதவீதம் கரியமில வாயு கலந்தால்தான் தலைகாட்டும். மடியும் வீங்காது, பாலும் திரியாது, நிறமும் மாறாது. 8,000 என்று எழுதிய அதே தட்டில் அது விழுந்திருந்தாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இதை உலகம் ஒத்துக்கொள்ள வைத்தவர்தான் ஆலிஸ் கேத்தரின் எவான்ஸ். 1881 ஜனவரி 29-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீத் என்ற ஊரில், வேல்ஸ் வழிவந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிக்குப் போகப் பணமில்லாததால் நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தார். கிராமப்புற ஆசிரியர்களுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய இயற்கைப் பாட வகுப்பில் சேர்ந்தவர், அங்கேயே தங்கி 1909-இல் நுண்ணுயிரியலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே விஸ்கான்சினில் முதுநிலைப் பட்டம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பால்பண்ணைப் பிரிவில் வேலை கிடைத்தது. முதலில் மாடிசன் நகரில் செடார் சீஸின் மணமும் சுவையும் எந்தக் கிருமியால் வருகின்றன என்ற ஆராய்ச்சி. 1913-இல் வாஷிங்டனுக்கு மாற்றம். அந்தப் பிரிவில் நிரந்தர வேலை பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவர்.

வாஷிங்டனில் அவருக்குக் கொடுத்த வேலை, அப்போதுதான் கறந்த பாலில் இயல்பாக என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று பார்ப்பது. அன்றைய பேச்சு எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் அவர் செய்ததன் கனம் புரியும். 1893-இல் நியூஜெர்சியில் ஹென்ரி காய்ட் என்ற மருத்துவர் 'சான்றளித்த பால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். மருத்துவர் குழு மேற்பார்வையில் சுத்தமான தொழுவம், மில்லிக்கு 10,000-க்குக் குறைவான கிருமி. குழந்தைகளுக்கு அதைப் பச்சையாகவே கொடுக்கலாம் என்று நல்ல மருத்துவர்களே நம்பினார்கள். உங்கள் பண்ணைக்காரர் கையிலிருக்கும் தாளும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

எவான்ஸின் கவனம் போனது 'பசில்லஸ் அபார்ட்டஸ்' என்ற கிருமியின் மேல். பசு சினை கலைவதற்கு அதுதான் காரணம் என்று 1897-இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் காட்டியிருந்தார். அவருடைய சோதனைக் குழாயில் அது அகாரின் மேற்பரப்பிலும் வளரவில்லை, அடியிலும் வளரவில்லை. மேலிருந்து அரை சென்டிமீட்டர் கீழே ஒரு மெல்லிய பட்டையாக மட்டும் வளர்ந்தது. காற்று கூடினாலும் ஒத்துக்கொள்ளாது, அறவே இல்லாவிட்டாலும் ஒத்துக்கொள்ளாது என்பதற்கு அந்தப் பட்டையே சாட்சி. இன்னொரு பக்கம், மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை மாதக்கணக்கில் படுக்கவைத்த காய்ச்சலுக்கு 'மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ்' காரணம் என்று 1887-இல் டேவிட் புரூஸ் கண்டிருந்தார். அது ஆட்டுப் பாலில் வருகிறது என்பதை 1905-இல் தெமிஸ்டோகிளஸ் ஸாமிட் கண்டார்.

ஒன்றுக்குப் 'பசில்லஸ்', அதாவது குச்சி என்று பெயர். மற்றதற்குக் 'காக்கஸ்', அதாவது உருண்டை. அசலில் இரண்டுமே உருண்டைக்கும் குச்சிக்கும் நடுவான, ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள குட்டைக் குச்சி. பாங் குச்சி என்று பார்த்தார், புரூஸ் உருண்டை என்று பார்த்தார். ஒன்றை மாட்டு மருத்துவர்கள் படித்தார்கள், மற்றதை ராணுவ மருத்துவர்கள் படித்தார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பால் கிருமி ஆராய்ச்சியாளர் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பவர். எவான்ஸுக்கு அது தோன்றியதற்கு அந்த இடமே ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் அருகருகே வளர்த்தார். வளரும் விதம் ஒன்றாக இருந்தது. ஒன்றுக்கு எதிரான சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) மற்றதையும் திரளவைத்தது. 1917-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கத்தில் இதைச் சொன்னார். 1918-இல் கட்டுரை வெளிவந்தது. இரண்டும் நெருங்கிய உறவு, நோயில்லாதது போலத் தெரியும் பசுவின் பாலிலும் இது வருகிறது, ஆகவே பச்சைப் பால் மனிதருக்கு ஆபத்தாகலாம் என்றார்.

யாரும் நம்பவில்லை. இவ்வளவு நெருக்கமான கிருமிகள் என்றால் இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்குமா என்றார்கள். அந்தக் காலத்தின் பெரிய நுண்ணுயிரியல் பெயரான தியோபால்ட் ஸ்மித் எதிர்த்தார். பாஸ்சரைஸ் இயந்திரம் செய்பவர்களோடு இவருக்குக் கூட்டு என்றுகூடப் பால் வியாபாரிகள் பேசினார்கள். முனைவர் பட்டமில்லாத ஒரு பெண் சொல்கிறாள் என்பதும் சேர்ந்துகொண்டது. 1920-இல் சான்பிரான்சிஸ்கோவில் கார்ல் மேயரும் ஷாவும் அவர் முடிவை உறுதிசெய்து, இரண்டையும் ஒரே குடும்பமாக்கிப் புரூஸ் நினைவாகப் 'புரூசெல்லா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு நம் பக்கத்திலிருந்தே ஆதாரம் வந்தது. தெற்கு ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், பெவன் என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் மாடுகள் சினை கலைந்து கன்று வீசும் பண்ணைகளில் மனிதருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல் வருவதை 1920-களின் தொடக்கத்திலேயே எழுதினார். மேயரின் ஆய்வகமும் பெவனின் பண்ணைகளும் சொன்னதை, பச்சைப் பாலை விரும்புகிறவர்கள் இன்றும் ஒரு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

1922-இல் ஆய்வகத்தில் அந்தக் கிருமி எவான்ஸையே தொற்றியது. அப்போது அவர் அரசு சுகாதாரத் துறையின் ஆய்வகத்துக்கு மாறியிருந்தார். பல ஆண்டுகள் காய்ச்சல் வந்து வந்து போனது. நரம்புத் தளர்ச்சி என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. அப்படிச் சொல்வது நோயாளியே கற்பித்துக்கொள்கிறார் என்பதற்குச் சமம். பிறகு அவர் உடலிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1928-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கத்துக்கு முதல் பெண் தலைவரானார். 1930-களில் அமெரிக்காவில் பாலைப் பாஸ்சரைஸ் செய்வது பரவலானது. 1945-இல் ஓய்வுபெற்று, 1975 செப்டம்பரில் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

இனி நம் ஊர் நிலவரம். பண்ணைக்காரர்கள் இந்த நோயை 'சி.ஏ.' (ஆங்கிலத்தில் கன்டேஜியஸ் அபார்ஷன்) என்பார்கள்; தமிழில் கன்று வீச்சு நோய். தென்னாப்பிரிக்காவில் இது அரசு கட்டுப்பாட்டில் உள்ள நோய். நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலிலும் இருக்கிறது. கிடேரிகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் எஸ்-19 தடுப்பூசி போட வேண்டும், ஆர்.பி.-51 என்ற இன்னொன்றும் உண்டு. தொற்று உறுதியான மாட்டின் கழுத்தில் 'சி' என்று சூடு போட்டு, வெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தொற்றிய பசு பெரும்பாலும் ஒருமுறைதான், அதுவும் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, கன்று வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடும். 'சரியாகிவிட்டது' என்று பண்ணைக்காரர் நினைத்துக்கொள்வார். ஆனால் மடிக்கு மேலுள்ள நிணநீர்க் கட்டிகளில் கிருமி தங்கி, விட்டுவிட்டுப் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பாலை வைத்தே இதைத் தேடும் சோதனை ஒன்று இருக்கிறது, வளையச் சோதனை. பண்ணைத் தொட்டிப் பாலில் ஒரு மில்லியை ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீலச் சாயமேற்றிய செத்த புரூசெல்லாக் கரைசலை 0.03 மில்லி விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். கிருமியை எதிர்க்க மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் பாலில் இருந்தால் அது நீலக் கிருமிகளைக் கொத்தாகப் பிடித்துக் கொழுப்புத் துளிகளோடு ஒட்டவைக்கும். ஆடை மேலேறும்போது நீலமும் கூடவே ஏறும். கீழே வெள்ளைப் பால், மேலே நீல வளையம். எதிர்ப்பொருள் இல்லையென்றால் தலைகீழ்: ஆடை வெள்ளையாகவே மிதக்கும், கீழே பால் முழுதும் வெளிர்நீலம். பிழைகளும் வரும். சீம்பால், மடிநோய்ப் பால், வற்றும் கட்டத்துப் பால் கலந்தால் நோயில்லாமலே நீல வளையம் வரலாம். உறைந்த பால், சூடாக்கிய பால், வேகமாகக் குலுக்கிய பால் சரிவராது. ஆடை எடுத்த பாலில் வளையம் வர வழியே இல்லை. மாடுகள் கூடக்கூட ஒரு மாட்டின் எதிர்ப்பொருள் நீர்த்துப்போகும். 150 கறவைக்கு மேல் இருந்தால் ஒரு மில்லி போதாது, இரண்டு எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு மாட்டின் ரத்தத்தையும் பார்ப்பதுதான் முறை. ஆர்.பி.-51 ஊசியின் கிருமியே தொற்றினால் வழக்கமான ரத்தச் சோதனை அதைக் காட்டாது. ரிஃபாம்பிசின் மருந்தும் அதன்மேல் பலிக்காது. மாட்டுக்கு ஊசி போடும்போது தவறிக் கையில் குத்திக்கொண்டவர் எந்த ஊசி என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். காய்ச்சுவதே போதும், ஆனால் சரியாகக் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி எழுந்தவுடன் அணைத்துவிடுகிறோம். அந்தப் பொங்கல் ஆடைக்கு அடியில் ஆவி சிக்கிக்கொள்வதால் எழுவது. ஓரம் கொதித்தாலும் நடுவில் அவ்வளவு சூடு ஏறியிருக்காது. அடுப்பைக் குறைத்து, கிளறிவிட்டு, நடுவிலும் குமிழ் வரும்வரை விடுங்கள். சத்து போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வைட்டமின் சி, பி1 கொஞ்சம் குறையும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும்.

காய்ச்சிய வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையென்றால் வீட்டிலேயே பாஸ்சரைஸ் செய்யலாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் பால் பாத்திரம். வெளித் தண்ணீர் பாலின் மட்டத்துக்கு நிற்க வேண்டும். பால் 63 டிகிரி வந்த பிறகே கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம். நடுவில் 62-க்கு இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. 65-ஐக் குறிவைத்தால் நிம்மதி. தெர்மாமீட்டர் தொடக்கம் முதல் கடைசிவரை பாலிலேயே இருக்கட்டும். பச்சைப் பாலில் தொட்டு வெளியே வைத்ததைக் கடைசியில் முக்கினால் செய்ததெல்லாம் வீண். கரண்டிக்கும் அதே விதி. மேலே நிற்கும் நுரை பாலைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும், கிருமி அங்கே தப்பும். வழித்தெடுங்கள் அல்லது மூடிவைத்து அடிக்கடி கிளறுங்கள். முடிந்ததும் சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, கிளறிக்கொண்டே குளிரவைத்து, 5 டிகிரிக்குக் கீழ் ஃபிரிட்ஜில். பச்சைப் பால் வந்த கேனில் திரும்ப ஊற்றக் கூடாது. தெர்மாமீட்டர் சரியா என்று கொதிநீரில் பார்ப்பவர்கள் ஊரையும் கணக்கில் கொள்ள வேண்டும்: டர்பனில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டு நிலமான லெனேசியாவில் ஏறக்குறைய 95-இலேயே. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் 0 காட்டுகிறதா என்று பார்ப்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

காய்ச்சிய பாலையும் டர்பன் கோடையில் மேசைமேல் விட்டுவைத்தால், காலையில் புளிக்காமலே திரிந்து நிற்கும், சில நேரம் லேசாகக் கசக்கும். மாட்டைக் குறை சொல்ல வேண்டாம். கொதியையும் தாங்கும் பசில்லஸ் வித்துகள் ஆறும்போது முளைத்துச் செய்யும் வேலை அது. அவற்றுக்கு மருந்து விரைவாகக் குளிரவைப்பது மட்டுமே.

தயிரானால் கிருமி செத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். புளிப்பு அதைக் கொல்ல நாளாகும். பச்சைப் பாலில் உறைந்த தயிரிலும் மாஸிலும் (இங்கே விற்கும் புளித்த பால்) புரூசெல்லா பல நாள் உயிரோடு இருக்கும். நம் வீட்டு வழக்கம் பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, பிறகு உறை ஊற்றுவது. அது ருசிக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் இல்லை, அதை விட்டுவிடாதீர்கள். கடை மாஸை உறையாக ஊற்றினால் தயிரின் கெட்டி வராது. அதன் கிருமிகளுக்கு 22 முதல் 25 டிகிரி போதும், தயிர்க் கிருமிகளுக்கோ 42 டிகிரி வேண்டும்.

காவடிக்கும் இதுவே. தைப்பூசத்தில் வெயிலில் மணிக்கணக்காகப் பால்குடம் தலையில் இருக்கும். அபிஷேகப் பாலைப் பிறகு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறோம். காய்ச்சாத பால்தான் வேண்டும் என்பவர்கள் கடையில் விற்கும் பாஸ்சரைஸ் பாலை வாங்கி, குளிர்ந்தபடியே குடத்தில் ஊற்றலாம். குடிக்கக் கொடுக்கும் பங்கை மட்டும் தனியாக ஃபிரிட்ஜில் வைத்திருந்து கலந்துகொள்ளலாம். ஈயம் பூசாத பித்தளைக் குடத்தில் புளித்த பால் செம்பை இழுக்கும்; அதைக் குடிக்கத் தரவே வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது மாலையில் ஏறி, இரவில் வேர்த்துக் கொட்டி, காலையில் இறங்கும் காய்ச்சலும், இடுப்பு மூட்டு வலியும் வாரக்கணக்கில் நீடித்தால், பச்சைப் பால் குடித்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். ரத்தத்தைக் கிருமி வளர்க்க அனுப்பும்போது லேபுக்கும் சந்தேகத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் எளிதாகத் தொற்றும் கிருமிகளில் இது ஒன்று. சிகிச்சை இரண்டு மருந்து சேர்த்து, வழக்கமாக ஆறு வாரம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பாலைவிட ஆபத்து, வீசிய கன்றும் நச்சுக்கொடியும். கிருமி அங்கேதான் கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் இழுக்காதீர்கள். கையுறை போட்டு, நாய் எட்டாத ஆழத்தில் சுண்ணாம்போடு புதைத்து, அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

உங்கள் பண்ணைக்காரரிடம் எண்ணிக்கை ரிப்போர்ட்டுக்குப் பதில் வேறு மூன்று கேள்வி கேளுங்கள், அம்மா. மந்தை முழுவதற்கும் கடைசியாகச் சி.ஏ. ரத்தச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, அதன் பிறகு வெளியிலிருந்து மாடு வாங்கினாரா, காசநோய்ச் சோதனை தனியாக நடந்ததா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அவரிடமே வாங்குங்கள். வந்ததும் அடுப்பில் வையுங்கள்.